நனைந்த தானியமும் மூன்று அங்குலப் பிழையும்



சேர்வராயன் மலையில் தை மாதம் என்றால் வீட்டு முற்றங்களிலும் களங்களிலும் காப்பியும் மிளகும் காய்ந்துகொண்டிருக்கும். அத்தகைய ஒரு மாலையில், மக்ரிபுத் தொழுகைக்குப் பின், நம் மதரஸாவில் தஜ்வீத் பயிலும் பதினோராம் வகுப்பு மாணவர் ஒருவர் பள்ளிக்கூடச் செய்முறைக் குறிப்பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றார். என்னவென்று கேட்டோம்.

"ஹஜ்ரத், ரெண்டு வண்டிய மோதவிட்டு அளக்கிற சோதனை. கணக்குப்படி 0.20 வரணும். எங்களுக்கு 0.17 தான் வருது. நான் 0.20ன்னே எழுதிட்டேன். அது தப்பா?"

அன்று நாம் கூறிய பதிலை இங்கே மறைக்காமல் எழுதிவிடுகிறோம். "எல்லாரும் அப்படித்தானே எழுதுகிறார்கள், தம்பி. மதிப்பெண் போய்விடும். அதைப் பெரிதுபடுத்தாதே" என்று கூறி அனுப்பிவிட்டோம். இயற்பியல் நமக்குரிய துறை அன்று; அதில் நமக்கென்ன பேச்சு என்று எண்ணினோம்.

மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் சிறு பிள்ளைகளின் வகுப்பு. அன்றைய பாடம், ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள தானியக் குவியல் பற்றிய ஹதீஸ். நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலைக் கடந்து செல்கையில் அதனுள் கையை நுழைத்தார்கள். மேலே காய்ந்திருந்த குவியலின் உள்ளே விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி விளக்கம் கூறினார். அப்படியாயின் மக்கள் காணும்படி ஈரமான பகுதியை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றும் எச்சரித்தார்கள். இதுவே அச்செய்தியின் கருத்து.

எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி கேட்டாள்: "ஹஜ்ரத், அவரு தண்ணி ஊத்தலையே, மழைதானே நனைச்சது? அப்புறம் ஏன் அவரு மேல தப்பு?"

"நனைந்தது குற்றமில்லை, கண்ணே, நனைந்ததை அடியில் வைத்து மறைத்ததுதான் குற்றம்" என்று கூறினோம். கூறி முடிக்கும் முன்பே, முந்தைய நாள் மாலை நாம் ஒரு மாணவரிடம் என்ன சொல்லி அனுப்பினோம் என்பது நினைவுக்கு வந்தது. அன்று மாலையே அம்மாணவரை அழைத்து, குறிப்பேட்டை மீண்டும் கொண்டுவரச் சொன்னோம். அந்தச் சோதனை என்ன, அதன் வரலாறு என்ன என்று அவரிடமே கற்றுக்கொள்ளத் தொடங்கினோம். அப்படிக் கற்றதையே இங்குப் பகிர்கிறோம்.

உந்தம் என்றால் என்ன?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவ்வழியே சுமை ஏற்றிய லாரி மெதுவாக இறங்கி வந்தாலும் அதை நிறுத்துவது கடினம் என்பதை மலைவாசிகள் அனைவரும் அறிவர். வேகமாக வரும் மிதிவண்டியை நிறுத்த அத்துணை முயற்சி தேவையில்லை. ஒரு பொருளின் நிறையையும் அதன் திசைவேகத்தையும் பெருக்கிக் கிடைப்பதே உந்தம். இரு பொருள்கள் மோதும்போது வெளியிலிருந்து வேறு விசை எதுவும் குறுக்கிடாவிட்டால், மோதலுக்கு முன்பிருந்த மொத்த உந்தமும் பின்பிருக்கும் மொத்த உந்தமும் சமமாக இருக்கும். இதையே உந்த அழிவின்மை விதி என்கின்றனர்.

நம் மாணவரின் சோதனை எளியது. தலா அரை கிலோ எடையுள்ள இரு சிறு மர வண்டிகள். ஒன்று பலகையின் நடுவே நிற்கும். மற்றது வினாடிக்கு 0.40 மீட்டர் வேகத்தில் வந்து மோதி, களிமண்ணால் அதனுடன் ஒட்டிக்கொள்ளும். பின் இரண்டும் சேர்ந்து நகரும். பக்கத்தில் மீட்டர் அளவுகோலை வைத்து, கைப்பேசியில் காணொலி எடுத்து, ஒவ்வொரு காட்சியாக நகர்த்தி வேகத்தைக் கணக்கிட்டிருந்தனர். மோதலுக்கு முன் உந்தம், அரை கிலோவை 0.40ஆல் பெருக்க, 0.20. மோதலுக்குப் பின் ஒரு கிலோ எடையும் வினாடிக்கு 0.20 மீட்டர் வேகத்தில் செல்ல வேண்டும். சென்றதோ 0.17. நூறில் பதினைந்து பங்கு காணாமல் போயிற்று.

அது எங்கே போயிற்று? சக்கரத்தின் உராய்வு கொண்டுபோயிற்று. பலகை வெளியிலிருந்து வண்டியைப் பிடித்து இழுத்தது. விதி வைக்கும் நிபந்தனை முழுமையாக நிறைவேறவில்லை. அதாவது, தானியத்தின் மீது மழை பெய்திருந்தது. அதில் அம்மாணவரின் குற்றம் எதுவுமில்லை. 0.17ஐ அடியில் மறைத்து 0.20ஐ மேலே பரப்பியதுதான் பிழை. அதற்கு இசைவு தந்த பிழை நம்முடையது.

நம் முன்னோருக்கும் சரியான அளவே

இத்தகைய வரலாற்றை எழுதும்போது நம்மவர்களுக்கு ஓர் ஆசை எழுவதுண்டு. எல்லாவற்றையும் நம் முன்னோர் முன்பே கண்டுபிடித்துவிட்டனர் என்று எழுதும் ஆசை அது. குறைத்து அளப்பதை சூரத்துல் முதஃப்பிஃபீன் கடுமையாகக் கண்டிக்கிறது. நமக்கு வேண்டியவர்களுக்குக் கூட்டி அளப்பதும் நேர்மையான தராசு ஆகாது.

உண்மை நிலை இதுதான். இப்னு சீனா (980–1037) தமது 'கிதாபுஷ் ஷிஃபா'வில், எறியப்பட்ட பொருளுக்குள் ஓர் உந்துதல் பதிகிறது என்றும், எதிர்க்கும் தடை இல்லையேல் அது தானாகத் தீர்ந்துவிடாது என்றும் கருதினார். அதை 'மைல்' என்று அழைத்தார். எறிந்த பொருளைக் காற்றுதான் பின்னிருந்து தள்ளுகிறது என்ற அரிஸ்டாட்டிலின் கருத்திலிருந்து இது பெரும் விலகல். அவர் காலத்தவரான இப்னுல் ஹைஸம், ஒளி ஆடியில் பட்டுத் திரும்புவதை விளக்க, ஒரு குண்டு பரப்பில் மோதித் திரும்புவதை ஒப்புமையாகக் கொண்டார். அதன் இயக்கத்தைப் பரப்புக்குச் செங்குத்தான கூறு, இணையான கூறு எனப் பிரித்து ஆராய்ந்தார். இவை இரண்டும் பெரும் சாதனைகள். ஆயினும் இரு பொருள்களை மோதவிட்டு, முன்னும் பின்னும் அளந்து, மொத்தம் மாறவில்லை என்ற விதியை அவர்கள் எழுதவில்லை. அது பின்னர் வந்தவர்களின் பணி.

இப்னுல் ஹைஸமிடமிருந்து இவ்விஷயத்தில் நாம் பெற வேண்டிய சொத்து வேறொன்று. தாலமியின் நூல்கள் மீதான ஐயங்களைத் தொகுத்த தமது நூலில், உண்மையைத் தேடுபவன் முன்னோரின் கூற்றை மட்டுமன்றித் தன் சொந்த அறிவையும் சந்தேகித்துச் சோதிக்க வேண்டும் என்ற கருத்தை அவர் வலியுறுத்தினார். புத்தகத்தில் 0.20 என்று இருப்பதால் கண்ணில் கண்ட 0.17ஐ அழித்துவிடுவது அவர் காட்டிய வழிக்கு நேர் எதிரானது.

மூன்று அங்குலத்தை மறைக்காதவர்

1644ஆம் ஆண்டில் பிரெஞ்சு மெய்யியலாளர் தெக்கார்த், உலகிலுள்ள இயக்கத்தின் மொத்த அளவு மாறுவதில்லை என்று எழுதினார். எண்ணம் நன்று, ஆனால் இயக்கத்தின் திசையை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. அதனால் அவர் வகுத்த மோதல் விதிகளில் பெரும்பாலானவை தவறாயின. சிறிய பொருள் எத்துணை வேகத்தில் வந்து மோதினும், அசையாது நிற்கும் பெரிய பொருளை நகர்த்தாது என்பது அவற்றுள் ஒன்று. கேரம் பலகையில் விளையாடும் சிறுவனும் அது தவறென்று கூறிவிடுவான். சிறிய காயும் கனமான ஸ்டிரைக்கரைச் சற்றேனும் அசைக்கவே செய்யும்.

இலண்டனின் ராயல் சொசைட்டி இக்கேள்வியை 1668இல் அறிஞர் சிலர் முன் வைத்தது. வாலிஸ், கிறிஸ்டோஃபர் ரென், ஹாலந்தைச் சேர்ந்த ஹைகன்ஸ் ஆகிய மூவரும் 1668 இறுதியிலும் 1669 தொடக்கத்திலும் தத்தம் விடைகளை அனுப்பினர். வலமாகச் செல்வதைக் கூட்டினால் இடமாகச் செல்வதைக் கழிக்க வேண்டும் என்ற கருத்து அவ்விடைகளில் தெளிவு பெற்றது. திசையோடு சேர்த்துக் கணக்கிட்டால் மொத்தம் மாறுவதில்லை.

1687இல் நியூட்டன் தமது 'பிரின்சிபியா' நூலில் இதைச் சோதித்த முறையை எழுதினார். பத்தடி நீளக் கயிறுகளில் குண்டுகளைத் தொங்கவிட்டு, ஊசல்களாக ஆடவிட்டு மோதச் செய்தார். ஊசல் எவ்வளவு உயரத்திலிருந்து இறங்குகிறதோ அதைக்கொண்டு மோதும் வேகத்தை அறியலாம். மோதியபின் எவ்வளவு உயரம் ஏறுகிறதோ அதைக்கொண்டு எஞ்சிய வேகத்தை அறியலாம். விரைவாக நகரும் பொருளை நேரடியாக அளக்கும் கருவி அக்காலத்தில் இல்லை. ஆதலால் வேகத்தை உயரமாக மாற்றி அளந்தனர்.

அவருக்கும் ஒரு மழை இருந்தது; அது காற்று. ஆடும் ஊசலைக் காற்று சிறிது சிறிதாகத் தடுத்தது. நியூட்டன் அதை மறைக்கவில்லை. மோதல் ஏதுமின்றி ஊசலைத் தனியே ஆடவிட்டு, ஒரு முழு ஆட்டத்தில் எவ்வளவு குறைகிறது என்று முதலில் அளந்தார். அக்குறைவைப் பங்கிட்டு, தம் கணக்கில் திருத்தமாகச் சேர்த்தார். திருத்திய பின்னரும் முழுப் பொருத்தம் கிட்டவில்லை. எட்டு, பன்னிரண்டு, பதினாறு அடி என்று குண்டுகள் ஆடிய அச்சோதனைகளில் பிழை மூன்று அங்குலத்தைத் தாண்டவில்லை என்று வெளிப்படையாக எழுதினார். பிழையே இல்லை என்று அவர் எழுதவில்லை.

கம்பளியை இறுக்கிச் செய்த பந்துகள், எஃகு, தக்கை, கண்ணாடி எனப் பல பொருள்களிலும் அவர் மோதிப் பார்த்தார். கம்பளிப் பந்துகள் நெருங்கிய வேகத்துக்கும் விலகிய வேகத்துக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 9க்கு 5. கண்ணாடியில் 16க்கு 15. பொருளுக்குப் பொருள் துள்ளல் மாறிற்று. மொத்த உந்தமோ மாறவில்லை. உலகமே ஏற்ற விதியின் அடித்தளத்தில் அந்த மூன்று அங்குலம் இன்றும் எழுத்தில் இருக்கிறது. அதனால் விதியின் மதிப்பு குறையவில்லை. அளந்தவர் நேர்மையாளர் என்பதற்கு அதுவே சான்றாயிற்று.

கடலூரில் மறைந்த ஊசல் ஆசிரியர்

இவ்விதியைச் சோதனைச்சாலையிலிருந்து போர்க்களத்துக்குக் கொண்டு சென்றவர் பெஞ்சமின் ராபின்ஸ். இவருடைய கதை நம் தமிழ் மண்ணில் முடிகிறது.

1707இல் இங்கிலாந்தின் பாத் நகரில் எளிய குடும்பமொன்றில் பிறந்த ராபின்ஸ், பெரும்பாலும் தாமே கற்றுக் கணித அறிஞர் ஆனவர். துப்பாக்கியிலிருந்து வெளிப்படும் குண்டின் வேகம் எவ்வளவு என்பதற்கு அக்காலத்தில் எவரிடமும் நம்பத்தக்க விடை இல்லை. 1742இல் வெளியிட்ட பீரங்கிக் கலை பற்றிய நூலில் அவர் பாலிஸ்டிக் ஊசலை அறிமுகம் செய்தார். மரம் பொருத்திய, சுமார் 56 பவுண்டு எடையுள்ள கனத்த ஊசல் ஒன்றைத் தொங்கவிட்டார். பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வரும் சிறு குண்டை அதன்மீது சுட்டார். குண்டு மரத்தில் புதைந்து, ஊசல் பின்னோக்கி ஆடும். ஊசலில் கட்டிய நாடா எவ்வளவு நீளம் இழுபட்டது என்று அளந்தால் ஆட்டத்தின் அளவு தெரியும். அதிலிருந்து ஊசலின் வேகம். அதிலிருந்து, உந்தம் மாறாது என்ற விதியால், குண்டின் வேகம். வினாடிக்கு 1600 அடிக்கும் மேற்பட்ட வேகங்களை இவ்வாறு ஒரு நாடாவைக் கொண்டு அவர் அளந்தார்.

இது நம் மாணவரின் களிமண் வண்டிகளின் அதே சோதனை. குண்டின் இயக்க ஆற்றலில் பெரும்பகுதி மரத்தைத் துளைப்பதிலும் வெப்பத்திலும் போய்விடுகிறது. ஊசலின் ஆட்டத்தில் எஞ்சுவது 600இல் ஒரு பங்கினும் குறைவு. ஆற்றலை நம்பிக் கணக்கிட்டிருந்தால் விடை முற்றிலும் தவறியிருக்கும். உந்தம் மட்டும் கணக்குத் தப்பாமல் ஊசலுக்குக் கைமாறுகிறது.

ஊசலைத் துப்பாக்கியிலிருந்து வெவ்வேறு தொலைவுகளில் வைத்துச் சுட்டபோது ராபின்ஸ் எதிர்பாராத ஒன்றைக் கண்டார். வேகமாகச் செல்லும் குண்டைக் காற்று தடுக்கும் விசை, அதுவரை அறிஞர் நினைத்திருந்ததைவிட மிகப் பெரிதாக இருந்தது. குண்டின் எடையைப் போலப் பல மடங்கு இருந்தது. காற்றின் தடையைப் புறக்கணித்து வரைந்த அழகிய வளைகோடுகள் யாவும் பீரங்கிக்குப் பொருந்தாதவை என்று புலப்பட்டது. கணக்குக்கும் காட்சிக்கும் இடையிலிருந்த வேறுபாட்டை அவர் திருத்தி மறைத்திருந்தால், அந்த உண்மை மேலும் பல காலம் மறைந்தே இருந்திருக்கும். ராயல் சொசைட்டி 1746இல் அவருக்குக் காப்ளி பதக்கம் வழங்கியது. புகழ்பெற்ற கணித மேதை ஆய்லர் அவருடைய நூலை 1745இல் விரிவுரையுடன் ஜெர்மனில் வெளியிட்டார். வாண ராக்கெட்டுகள் எவ்வளவு உயரம் எழுகின்றன என்று அளந்து 1749இல் கட்டுரையும் எழுதினார் ராபின்ஸ்.

பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனி அவரைத் தன் தலைமைப் பொறியாளராக நியமித்து, கோட்டைகளைச் சீரமைக்க இந்நாட்டுக்கு அனுப்பியது. 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றியதால், கம்பெனியின் தலைமையிடம் அப்போது கடலூர் தேவனாம்பட்டினத்தின் புனித டேவிட் கோட்டையில் இருந்தது. 1750இல் ராபின்ஸ் அங்கு வந்து சேர்ந்தார். ஓராண்டு கழித்து, 1751 ஜூலை 29 அன்று காய்ச்சலால் அங்கேயே இறந்தார். 1758இல் பிரெஞ்சுப் படை அக்கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளியது. எந்தக் கோட்டைக்காக வந்து உயிர் துறந்தாரோ அது ஏழே ஆண்டுகளில் சிதைந்தது. அவர் அளந்து எழுதிய எண்களோ இன்றும் பாடமாக நிற்கின்றன.

அவருடைய அறிவு ஆதிக்கத்தின் பீரங்கிகளுக்குப் பயன்பட்டது என்பதையும் நாம் மறக்கவில்லை. இயற்கை விதி இன்னார் இனியார் என்று பார்ப்பதில்லை. அதை எதற்குப் பயன்படுத்தினோம் என்ற கேள்வி மனிதனிடமே கேட்கப்படும்.

மைசூரின் ராக்கெட்டும் இராமேஸ்வரத்து மைந்தரும்

நாம் வாழும் இந்தச் சேலம் நாடும் சேர்வராயன் மலையும் 1792 வரை மைசூர் ஆட்சியின் கீழ் இருந்தன. அவ்வாண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் இப்பகுதியைக் கம்பெனியிடம் ஒப்படைக்க நேர்ந்தது. பின்னரே காக்பர்ன் என்ற கலெக்டர் காலத்தில் ஏற்காட்டில் காப்பி வேரூன்றியது.

ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் தம் படையில் இரும்புக் குழல் ராக்கெட்டுகளைப் பெருமளவில் பயன்படுத்தினர். காகிதக் குழலைவிட இரும்பு அதிக அழுத்தத்தைத் தாங்கும். ஆதலால் வாயு மேலும் வேகமாக வெளிப்படும். ராக்கெட் பறப்பது உந்த விதியால்தான். பின்னோக்கி வெளியேறும் வாயு எவ்வளவு உந்தத்தைப் பெறுகிறதோ, அவ்வளவு உந்தத்தை ராக்கெட் முன்னோக்கிப் பெறுகிறது. காற்றை உதைத்துத் தள்ளிப் பறக்கிறது என்று பலர் எண்ணுவது தவறு; காற்றே இல்லாத வெளியிலும் அது செல்லும்.

1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கம்பெனிப் படை பெருந்தோல்வி கண்டது. அதன் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறியது தோல்விக்கு முக்கியக் காரணம். அவற்றைத் தாக்கியது ராக்கெட் என்பாரும் உளர். பீரங்கிக் குண்டு என்பாரும் உளர். நம் பெருமைக்கு உகந்தது என்பதற்காக ஒன்றை மட்டும் உறுதியென்று எழுதிவிட நாம் விரும்பவில்லை. திப்பு ஷஹீதான 1799க்குப் பின் மைசூர் ராக்கெட்டுகள் இங்கிலாந்து கொண்டுசெல்லப்பட்டன. அவற்றை அடியொற்றியே காங்கிரீவ் தம் ராக்கெட்டுகளை உருவாக்கினார் என்பது உறுதியான வரலாறு.

1960களில் அமெரிக்காவின் வாலப்ஸ் தீவு ஏவுதளத்துக்குப் பயிற்சிக்காகச் சென்ற நம் ஏ.பி.ஜே. அப்துல் கலாம், திப்புவின் படை ராக்கெட் ஏவும் ஓவியம் அங்கு மாட்டப்பட்டிருந்ததைக் கண்டதாகத் தம் வாழ்க்கை வரலாற்றில் குறிப்பிட்டுள்ளார். அவரே திட்ட இயக்குநராக இருந்து உருவாக்கிய எஸ்.எல்.வி-3 ராக்கெட், 1979 ஆகஸ்ட் 10 அன்று ஏவப்பட்டது.

அன்று நிகழ்ந்ததைக் கலாம் அவர்களே பல மேடைகளில் கூறியுள்ளார். ஏவுதலுக்குச் சில நிமிடங்களுக்கு முன் கணினி அதை நிறுத்தி வைத்தது. கட்டுப்பாட்டு அமைப்பில் கசிவு இருப்பது தென்பட்டது. கையிருப்புப் போதும் என்று வல்லுநர்கள் கூற, கணினியின் தடையை மீறி ஏவும் முடிவை அவர் எடுத்தார். முதல் நிலை நன்றாகச் சென்றது. இரண்டாம் நிலை கட்டுப்பாட்டை இழந்தது. ராக்கெட் வங்காள விரிகுடாவில் வீழ்ந்தது. கருவி காட்டிய எண் உண்மை பேசியது. மனிதர்கள் அதைக் கடந்து சென்றனர்.

பின்னர் அவர் செய்ததுதான் நமக்குப் பாடம். அந்த முடிவு தம்முடையதென்பதை அவர் மறைக்கவில்லை. தோல்வியின் காரணம் ஆராயப்பட்டு, எழுதப்பட்டு, திருத்தப்பட்டது. இஸ்ரோவின் தலைவர் சதீஷ் தவன் செய்தியாளர் முன் தோல்விக்குத் தாம் பொறுப்பேற்றார். 1980 ஜூலை 18 அன்று அதே எஸ்.எல்.வி-3 ரோகிணி செயற்கைக்கோளைப் பூமியைச் சுற்றும் பாதையில் நிறுத்தியது. ஈரத்தை மேலே வைத்தவர்களுக்கு அல்லாஹ் வெற்றியையும் காட்டினான்.

குறையை எழுதும் மரபு நம்முடையது

இந்த வழக்கம் நமக்குப் புதியதன்று. ஹதீஸ் கலையைப் பயின்றவர்கள் இதை நன்கறிவர். இமாம் திர்மிதி (ரஹ்) அவர்கள் தமது தொகுப்பில் ஒரு செய்தியைப் பதிவு செய்தபின், அது எத்தரத்தது, அறிவிப்பாளர் தொடரில் என்ன குறை உள்ளது என்பதையும் அதன் அருகிலேயே எழுதிச் செல்கிறார்கள். கருத்து அழகாக இருக்கிறது என்பதற்காக ஒரு பலவீனமான தொடரைப் பலமானது என்று அவர்கள் எழுதவில்லை. கேட்டது கேட்டபடி, குறையும் குறையாகவே. அந்த அமானிதத்தால்தான் ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் நாம் அவர்களை நம்புகிறோம்.

செய்முறைக் குறிப்பேடும் ஒருவகைச் சாட்சியமே. "நான் அளந்தேன், இதைக் கண்டேன்" என்று கையெழுத்திட்டுக் கொடுக்கும் சாட்சியம். பதினாறு வயதில் 0.17ஐ 0.20 ஆக்கப் பழகிய கை, நாளை மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் இரத்த அளவை எழுதும். பாலத்தின் இரும்பை அளந்து சான்றளிக்கும். கடையில் தராசைப் பிடிக்கும். வானத்தை உயர்த்தியதோடு சேர்த்துத் தராசை நிலைநாட்டியதையும் சூரத்துர் ரஹ்மான் நினைவூட்டுவது எத்துணை பொருத்தம்!

அவ்வாரம் அம்மாணவர் சோதனையை மீண்டும் செய்தார். இம்முறை பலகையின் ஒரு முனையைச் சிறிது உயர்த்தினார். தள்ளிவிட்ட வண்டி வேகம் கூடாமலும் குறையாமலும் ஒரே சீராக ஓடும்வரை அச்சரிவைச் சிறிது சிறிதாக மாற்றிப் பார்த்தார். உராய்வு பின்னிழுப்பதைச் சரிவு ஈடுசெய்கிறது. நியூட்டன் காற்றைத் தனியே அளந்து திருத்தியதற்கு இது இளைய தம்பி. இப்போது மோதலுக்குப் பின் வேகம் 0.19 வந்தது.

குறிப்பேட்டில் பழைய 0.20ஐ ஒரு கோடு போட்டு அடித்தார். முதற்சோதனை 0.17, சரிவு வைத்தபின் 0.19 என்று இரண்டையும் எழுதினார். எஞ்சிய 0.01க்குச் சக்கரத்தின் ஆட்டமும் காணொலியில் அளக்கும் துல்லியக் குறைவும் காரணமாகலாம் என்று கீழே குறித்தார்.

"மார்க் குறைஞ்சா, ஹஜ்ரத்?" என்று கேட்டார்.

"குறைந்தால் குறையட்டும், தம்பி. முன்பு அப்படி எழுதச் சொன்னது எம் தவறு, அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறோம்" என்றோம். அவர் வெட்கத்தோடு சிரித்தார். அவருடைய அத்தா மிளகு வியாபாரி. அன்று மகனை அழைத்துச் செல்ல வந்திருந்த அவர் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "அடிச்ச கோடு தெரியுற மாதிரியே இருக்கட்டும், ஹஜ்ரத், மறைக்க வேணாம்" என்றார். தராசு பிடிப்பவருக்கு நாம் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளைகளின் செய்முறைக் குறிப்பேட்டை ஒருநாள் கையில் வாங்கிப் பாருங்கள். எல்லா விடைகளும் புத்தகத்தோடு அப்படியே பொருந்தியிருந்தால் பாராட்டுவதற்கு முன், "இதை நீயே அளந்தாயா?" என்று அன்போடு ஒருமுறை கேளுங்கள். பொருந்தாத எண்ணை எழுதி வந்தால் அதட்டாதீர்கள். ஏன் பொருந்தவில்லை என்று உடனமர்ந்து கேளுங்கள். நாம் செய்த தவறை நீங்கள் செய்யாதிருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதினோம்.

நம் நிறுவையிலும் நம் எழுத்திலும் நம் சாட்சியத்திலும் நேர்மையை வல்ல அல்லாஹ் நமக்கும் நம் சந்ததியினருக்கும் வழங்குவானாக! ஆமீன்.